சோதனைக் கோப்பு முறைமை மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்காக வைத்துப் பராமரிப்பது கோப்பு முறைமை. உங்கள் லினக்ஸ் கணினியில் பிகேஷ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ்ஸின் ரெய்டு 5 (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் முறை), இசட்எஃப்எஸ்ஸில் புதிதாக வந்த ஏதோ ஒரு வசதி என்று ஒன்றை ஆசைப்பட்டுப் போட்டுவிட்டீர்கள். நேற்றுவரை ஓடியது, இன்று ஓடவில்லை. தேடலில் முதலில் கண்ணில் படும் கட்டளையை அடிப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். பல சமயம் கோளாறு தரவைத் தொட்டே இருக்காது. பதற்றத்தில் ஓட்டும் ரிப்பேர் கட்டளைதான் அதை முடித்துவைக்கும்.

சோதனை நிலையில் உள்ள கோப்பு முறைமை என்றால் மூன்று விஷயங்களை எதிர்பார்க்க வேண்டும். டிஸ்க்கில் தரவு எழுதப்படும் வடிவம் மாறலாம். பழுதுபார்க்கும் கருவி இன்னும் பக்குவப்பட்டிருக்காது. எந்தக் கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து நடத்தை மாறும். எல்லாக் கோப்பு முறைமையும் இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. லினக்ஸில் பரவலாக ஓடும் எக்ஸ்ட்4கூட 2006இல் 2.6.19 கெர்னலில் ‘எக்ஸ்ட்4டெவ்’ என்ற பெயரோடு நுழைந்து, 2008 டிசம்பரில் 2.6.28 வந்தபோதுதான் அந்த வாலைக் கழற்றியது. பிகேஷ்எஃப்எஸ்ஸோ 2024 ஜனவரியில் 6.7 கெர்னலோடு சோதனை முத்திரையுடன் உள்ளே வந்து, 6.18இல் கெர்னலை விட்டே வெளியேற்றப்பட்டது. இது பின்னால் ஓர் அறிகுறிக்குக் காரணமாகும்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை

எழுதுவதை நிறுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ், டவுன்லோடு, மணிக்கொரு முறை எடுக்கும் தானியங்கி ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு), எல்லாவற்றையும். இன்னும் மவுண்ட் ஆகியிருந்து (கணினியோடு இணைந்திருந்து) படிக்கவும் முடிந்தால், முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்குக்கு இப்போதே நகலெடுங்கள். இந்த நிமிடம் மவுண்ட் ஆகியிருப்பது அடுத்த ரீபூட்டுக்குப் பிறகும் ஆகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ‘ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகிவிடும்’ என்பது மற்ற இடங்களுக்குச் சரி; இங்கே அது கடைசி வழி.

அடுத்தது கெர்னல் செய்திகள். அவற்றைக் காட்டும் கட்டளை டிமெஸ்க்; அது காட்டுவது நினைவகத்தில்தான் இருக்கிறது. சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனே ரீட்-ஒன்லி (படிக்க மட்டும்) ஆகிவிட்டால் சிஸ்டம் ஜர்னலும் டிஸ்க்கில் பதிவாகாது. ரீபூட் செய்தால் ஆதாரம் போச்சு. பென்டிரைவில் சேமியுங்கள், அல்லது வலை வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்புங்கள். இரண்டும் முடியாவிட்டால் திரையைப் போனில் படமெடுங்கள், அதுவும் போதும். படிக்கும்போது கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். பிடிஆர்எஃப்எஸ்ஸில் கடைசியாக வரும் ‘ஓப்பன் சிட்ரீ ஃபெயில்டு’ என்பது மவுண்ட் ஆகவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. ஏன் ஆகவில்லை என்பது அதற்குச் சில வரிகள் மேலே இருக்கும்.

மூன்றாவது, முழு டிஸ்க்கின் பிம்பம். டிடிரெஸ்க்யூ கருவியால் வேறொரு டிஸ்க்கில் எடுத்து வைத்துக்கொண்டு, பரிசோதனைகளை எல்லாம் நகலின் மேல் செய்யுங்கள். இதில் பிடிஆர்எஃப்எஸ்காரர்களுக்கு ஒரு கண்ணி உண்டு. அது தன் டிஸ்க்குகளை யூயூஐடி என்ற அடையாள எண்ணை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. மூலமும் நகலும் ஒரே கணினிக்கு ஒரே நேரத்தில் தெரிந்தால் எது எது என்று குழம்பி, ஒன்றுக்குப் போக வேண்டியதை மற்றொன்றில் எழுதிவிடலாம். நகல் எடுத்து முடித்ததும் மூல டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் அடுக்கு) வழியாக ஸ்னாப்ஷாட் எடுத்தாலும் இதே ஆபத்துதான்.

ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்தால் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் மூன்றுமே அப்போதும் பாக்கியிருக்கும் ஜர்னலை, லாகை (எழுத வேண்டிய மாற்றங்களின் குறிப்பேடு) ஓட்டி முடிக்கப் பார்க்கும். அதைத் தடுக்க எக்ஸ்ட்4க்கு ‘நோலோட்’, எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு ‘நோரெகவரி’, பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கு ‘ரெஸ்க்யூ=நோலாக்ரீப்ளே’ என்று தனித்தனி மவுண்ட் விருப்பங்கள் உண்டு. இன்னும் உறுதி வேண்டுமென்றால் பிளாக்டெவ் கட்டளையால் டிவைஸையே ரீட்-ஒன்லி ஆக்கிவிடுங்கள்.

அறிகுறி: கெர்னல் அப்டேட் ஆனது, கோப்பு முறைமையைக் காணோம்

இருப்பதிலேயே லேசான கேஸ் இதுதான், ஆனால் பயமுறுத்துவது இதுதான். இசட்எஃப்எஸ் லினக்ஸ் கெர்னலுக்கு வெளியே தனி மாட்யூலாக வாழ்கிறது. 6.18 முதல் பிகேஷ்எஃப்எஸ்ஸும் அப்படித்தான். கெர்னல் மாறும்போது மாட்யூலைக் கட்டித் தரும் டிகேஎம்எஸ் வழியாக ஒவ்வொரு கெர்னலுக்கும் தனியாகக் கட்டப்பட வேண்டும். புதிய கெர்னலுக்கு மாட்யூல் கட்டப்படாமல் போனால் டிஸ்க்கில் இருப்பது என்னவென்றே கெர்னலுக்குத் தெரியாது. தரவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து நுழையுங்கள். அப்புறம் நிதானமாக மாட்யூல் ஏன் கட்டப்படவில்லை என்று பாருங்கள்.

செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று. அந்த டிஸ்க்கை வேறு கணினியில் செருகி, ‘இதை ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்கும்போது ‘சரி’ என்று அழுத்துவது.

இதற்கு நேர்மாறான கேஸும் உண்டு. கணினியில் நன்றாக ஓடுகிறது, ரெஸ்க்யூ யுஎஸ்பியில் பூட் செய்தால் ‘ஆதரிக்கப்படாத வசதிகள்’ என்று சொல்லி மவுண்ட் செய்ய மறுக்கிறது. யுஎஸ்பியில் இருக்கும் கெர்னல் பழையது, டிஸ்க்கின் வடிவம் புதியது, வேறொன்றும் இல்லை. இசட்எஃப்எஸ்ஸில் பூல் (டிஸ்க்குகளின் தொகுப்பு) அப்கிரேடு செய்தவர்கள் இதில் அடிக்கடி மாட்டுவார்கள். ஒருமுறை புதிய வசதிகளை இயக்கிவிட்டால் பொதுவாகப் பின்வாங்க வழியில்லை, பூட்லோடரே பூலைப் படிக்க முடியாமல் நின்றுவிடலாம். புதிய பதிப்பு வந்தவுடன் ‘அப்கிரேடு செய்யலாமே’ என்று திரையில் வரும் ஆலோசனைக்குக் கீழ்ப்படிய எந்த அவசரமும் இல்லை.

அறிகுறி: மின்சாரம் போய் வந்தது, மவுண்ட் ஆகவில்லை

பிடிஆர்எஃப்எஸ்ஸில் இந்த நேரத்தில் அடிக்கடி வரும் செய்தி ‘பேரண்ட் டிரான்ஸ்ஐடி வெரிஃபை ஃபெயில்டு’. அதன் கூடவே இரண்டு எண்கள் வரும்: எதிர்பார்த்தது இது, கிடைத்தது இது. அந்த எண்களைப் பார்க்காமல் விடாதீர்கள். ஒவ்வொரு முறை மாற்றங்களைத் தொகுத்து எழுதும்போதும் இந்த எண் ஒன்று கூடும். எதிர்பார்த்தது 91342, கிடைத்தது 91339 என்றால், கடைசியாக எழுதிய சில மாற்றங்கள் டிஸ்க்கைச் சேரவில்லை. ‘எழுதிவிட்டேன்’ என்று டிஸ்க் சொன்னது பொய். தரவு அதன் கேஷிலேயே நின்றிருக்கிறது. சூப்பர்பிளாக்கில் (கோப்பு முறைமையின் தலைப்புப் பகுதி) நான்கு பழைய ரூட்களின் (தரவு மரத்தின் தொடக்கப் புள்ளிகள்) குறிப்பு இருக்கும், ஆகவே இவ்வளவு சிறிய வித்தியாசத்துக்கு நம்பிக்கை உண்டு. வித்தியாசம் ஆயிரக்கணக்கில் இருந்தாலோ, கிடைத்த எண் எதிர்பார்த்ததைவிடப் பெரியதாக இருந்தாலோ கதை வேறு. டிஸ்க்கை இரண்டு இடத்திலிருந்து ஒரே நேரத்தில் மவுண்ட் செய்தீர்களா, மெய்நிகர் கணினி ஒன்று அதைப் பிடித்திருந்ததா என்று யோசியுங்கள்.

படிகள் இந்த வரிசையில் போகட்டும். முதலில் ரீட்-ஒன்லியுடன் ‘ரெஸ்க்யூ=யூஸ்பேக்கப்ரூட்’. எஸ்எஸ்டியில் டிஸ்கார்டு (காலியான இடத்தைத் துடைக்கும் வசதி) இயங்கியிருந்தால் பழைய ரூட்கள் ஏற்கெனவே துடைக்கப்பட்டிருக்கலாம், அப்போது இது பலிக்காது. அடுத்து ‘ரெஸ்க்யூ=ஆல்’; 5.11 கெர்னலிலிருந்து உண்டு, ரீட்-ஒன்லியாக மட்டுமே அனுமதிக்கும், உடைந்த பகுதிகளைத் தாண்டிக்கொண்டு எதைப் படிக்க முடியுமோ அதைக் காட்டும். அதுவும் முடியாவிட்டால் ‘பிடிஆர்எஃப்எஸ் ரெஸ்டோர்’. இது மவுண்ட் செய்யாமலே மூல டிஸ்க்கைப் படித்து, கோப்புகளை வேறொரு இடத்தில் கொட்டும். மூலத்தில் ஒரு பைட்கூட எழுதாது. இந்தக் கருவியைத் தெரியாமலே ரிப்பேருக்குத் தாவுகிறவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாக்கியிருக்கும் லாகை அழித்துவிடும் ‘ஜீரோ-லாக்’ என்ற கட்டளை எல்லா இடத்திலும் பரிந்துரைக்கப்படும். லாகை ஓட்டும்போதுதான் கெர்னல் விழுகிறது என்று டிமெஸ்க் தெளிவாகச் சொன்னால் மட்டுமே அது பொருந்தும். பொருந்தும் இடத்தில், கடைசி 30 விநாடி அளவுக்கு எழுதியதோடு இழப்பு நின்றுவிடும். பொருந்தாத இடத்தில் ஒரு பயனும் இல்லை.

‘எஃப்எஸ்சிகே ஓட்டினேன், பிழை இல்லை என்றது’ என்று சொல்வீர்கள். கோப்பு முறைமையைச் சோதிக்கும் கட்டளை எஃப்எஸ்சிகே; ஆனால் பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கான எஃப்எஸ்சிகே ஒன்றுமே செய்யாது. பூட் சமயத்தில் யாரும் தடுக்கி விழாமல் இருக்க வைத்த பொம்மை அது. உண்மையான சோதனை ‘பிடிஆர்எஃப்எஸ் செக்’, வேறு விருப்பம் தராவிட்டால் வெறுமனே படிக்கும். அதோடு ‘ரிப்பேர்’ சேர்ப்பதை, விவரம் தெரிந்தவர் சொல்லாமல் செய்யாதீர்கள் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. பிகேஷ்எஃப்எஸ்ஸின் அணுகுமுறை வேறு, அங்கே எஃப்எஸ்சிகேதான் முதன்மைக் கருவி. ஆனாலும் முதல் ஓட்டம் எதையும் மாற்றாத ‘என்’ விருப்பத்தோடு இருக்கட்டும். என்ன மாற்றப்போகிறேன் என்று அது தரும் பட்டியலைப் பாருங்கள். நாலைந்து வரி என்றால் ஒன்று, திரை நிற்காமல் ஓடுகிறது என்றால் வேறு. இரண்டாவது வகையில் பிம்பம் எடுக்காமல் மேலே போகாதீர்கள்.

அறிகுறி: ஓடிக்கொண்டிருந்தது, திடீரென ரீட்-ஒன்லி ஆகிவிட்டது

இது கோளாறு அல்ல, தற்காப்பு. உள்ளே ஏதோ பொருந்தவில்லை என்று தெரிந்ததும் மேலும் கெடாமல் இருக்கக் கோப்பு முறைமை தானே கையைக் கட்டிக்கொள்கிறது. மவுண்ட்டை மறுபடி எழுதும் நிலைக்குத் தள்ளுவது அந்தக் கட்டை அறுப்பதுதான். டிமெஸ்க்கில் முதல் எரரைத் தேடுங்கள். ‘ஐஓ எரர்’ என்றால் டிஸ்க், கேபிள், மின்வழங்கி பக்கம் போங்கள், டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தரும் ஸ்மார்ட் விவரங்களைப் பாருங்கள். ‘நோ ஸ்பேஸ்’ என்றால் அடுத்த அறிகுறி. ‘கரப்ட் லீஃப்’ என்றால் ரேமைச் சந்தேகியுங்கள், அதையும் கீழே விளக்குகிறேன்.

எதுவும் பொருந்தாவிட்டால் கெர்னல் பதிப்பைப் பாருங்கள். 2019இல் வந்த 5.2 கெர்னலில் பிடிஆர்எஃப்எஸ் டிரான்ஸ்ஐடி பிழையை உண்டாக்கும் ஒரு பின்னடைவு இருந்தது, 5.2.15இலும் 5.3இலும்தான் சரியானது. முதிர்ந்த கோப்பு முறைமைக்கும் இது நேரும். 2023 டிசம்பரில் 6.1.64 கெர்னலில் எக்ஸ்ட்4 தரவைக் கெடுக்கும் பிழை புகுந்து, டெபியன் 12.3 வெளியீடே தள்ளிவைக்கப்பட்டது.

அறிகுறி: பாதி டிஸ்க் காலி, ஆனால் ‘இடமில்லை’ என்கிறது

காலியிடம் காட்டும் டிஎஃப் கட்டளையை மறந்துவிடுங்கள். பழையதன் மேல் எழுதாமல் வேறிடத்தில் நகலெடுத்து எழுதும் கோப்பு முறைமைகளில் அது சொல்வது தோராயம்தான். ‘பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் யூசேஜ்’ அடியுங்கள். இரண்டு வரிகளைத் தேடுங்கள்: ‘டிவைஸ் அன்அலோகேட்டட்’, அப்புறம் ‘மெட்டாடேட்டா’ (கோப்புகளைப் பற்றிய தகவல்). முதலாவது 1 எம்பி அளவில் நின்று, மெட்டாடேட்டாவில் மொத்தமும் பயன்பட்டதும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் விஷயம் பிடிபட்டது.

பிடிஆர்எஃப்எஸ் இடத்தைப் பெரிய துண்டுகளாக ஒதுக்கும். தரவுக்கு வழக்கமாக 1 ஜிபி, மெட்டாடேட்டாவுக்கு 256 எம்பி அல்லது 1 ஜிபி. ஒருமுறை தரவுக்கென ஒதுக்கிய துண்டு, உள்ளே கால்வாசிதான் நிரம்பியிருந்தாலும் மெட்டாடேட்டாவுக்குக் கிடைக்காது. எல்லாத் துண்டும் தரவுக்குப் போனபின் மெட்டாடேட்டா வளர இடமில்லை. ஒரு கோப்பை அழிப்பதற்கே மெட்டாடேட்டா எழுத வேண்டும், அதனால் அழிக்கவும் முடியாமல் திணறும். ஸ்னாப்ஷாட் இருந்தால் அழித்தும் பயனில்லை. அந்தத் தரவை ஸ்னாப்ஷாட் பிடித்துக்கொண்டே இருக்கும்.

தீர்வு பேலன்ஸ், அதாவது துண்டுகளில் இருப்பதை மறுபடி அடுக்குவது. ஆனால் முழு பேலன்ஸ் ஓட்டாதீர்கள், அதுவே இடம் கேட்கும். ‘டியூசேஜ்=0’ என்று தொடங்கினால் முற்றிலும் காலியான துண்டுகள் திரும்பக் கிடைக்கும். பிறகு 5, 10, 20 என்று படிப்படியாக ஏற்றுங்கள். மெட்டாடேட்டாவை பேலன்ஸ் செய்யாதீர்கள். நாம் தேடுவதே அதற்கான இடத்தைத்தான். 0இலேயே ‘இடமில்லை’ என்றால், வெளி டிஸ்க் ஒன்றைத் தற்காலிகமாகச் சேர்த்து, பேலன்ஸ் செய்து, ‘டிவைஸ் ரிமூவ்’ கொடுத்து முறையாக நீக்குங்கள். அதற்கு ரேம்டிஸ்க்கை (நினைவகத்தில் உருவாக்கும் டிஸ்க்) சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நடுவில் கணினி நின்றால் கோப்பு முறைமையில் ஒரு துண்டு காற்றோடு போகும். தளர்ந்த யுஎஸ்பி கேபிளுக்கும் இதே கதிதான்.

அறிகுறி: செக்சம் எரர்

செக்சம் என்பது தரவு மாறவில்லை என்று சரிபார்க்க வைக்கும் எண். முதலில் பிடிஆர்எஃப்எஸ்ஸின் ‘டிவைஸ் ஸ்டேட்ஸ்’ (டிஸ்க் வாரியான பிழைக் கணக்கு) எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவை ரீபூட்டுக்குப் பிறகும் அப்படியே இருக்கும், ஆகவே பழைய சம்பவத்தின் எண்ணைப் பார்த்து இன்றைக்குப் பயப்படக் கூடாது. பூஜ்ஜியமாக்கிவிட்டு ஸ்க்ரப் (எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டி, எண் கூடுகிறதா என்று பாருங்கள். தரவின் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது என்றால் ஸ்க்ரப் கண்டுபிடிக்கும், திருத்தாது. எந்தக் கோப்பு என்று டிமெஸ்க் சொல்லும். அதை பேக்கப்பிலிருந்து மாற்றிவிட்டால் போதும்.

‘கரப்ட் லீஃப்’ செய்தி கவனமாகப் பார்க்க வேண்டியது. வந்திருக்க வேண்டிய எண், வந்த எண் இரண்டும் வரியில் இருந்தால் கழித்துப் பாருங்கள். 5021 வர வேண்டிய இடத்தில் 21405 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 16384, அதாவது இரண்டின் பதினான்காம் அடுக்கு. ஒரே ஒரு பிட் 0இலிருந்து 1ஆகப் புரண்டிருக்கிறது. கோப்பு முறைமையின் நிரல் தப்புப் பண்ணினால் இவ்வளவு சுத்தமாகப் புரளாது. ரேம்தான் குற்றவாளி என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிடலாம். மெம்டெஸ்ட்டை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஓவர்கிளாக்கிங் இருந்தால் நிறுத்துங்கள். கெட்ட ரேமை வைத்துக்கொண்டு ரிப்பேர் ஓட்டினால் நல்ல பகுதியும் அதே ரேம் வழியாகத்தான் போய் வரும். எக்ஸ்ட்4இல் வருடக்கணக்கில் ஓடிய கணினி பிடிஆர்எஃப்எஸ் போட்டதும் தகராறு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். முன்பும் கெட்டுக்கொண்டுதான் இருந்தது, சொல்ல ஆளில்லை.

அறிகுறி: ஸ்க்ரப் ‘எல்லாம் நலம்’ என்கிறது, கோப்பு மட்டும் தப்பு

எனக்கு மிகவும் கவலை தரும் வகை இது. 2023 அக்டோபரில் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.2.0இல் பிளாக் குளோனிங் (தரவை மறுபடி எழுதாமல் பகிர்ந்து நகலெடுப்பது) என்ற புதிய வசதி இருந்தது. நவம்பரில், நகலெடுத்த சில கோப்புகளின் நடுவில் தரவுக்குப் பதில் பூஜ்ஜியங்கள் இருப்பது தெரிந்தது. 2.2.1 அந்த வசதியை முடக்கியது. பிறகு தோண்டிப் பார்த்தால், மூலப் பிழை பல வருடப் பழையது. புதிய வசதி அதை அடிக்கடி வெளிவர வைத்தது, அவ்வளவுதான். 2.2.2இலும் 2.1.14இலும் சரிசெய்தார்கள். இதில் செக்சம் எதுவும் தவறாது. பூஜ்ஜியங்களைத்தான் எழுதச் சொன்னார்கள் என்று நம்பி, அவற்றுக்குச் சரியான செக்சம் போட்டு வைத்திருக்கும்.

ஆகவே சந்தேகம் வந்தால் கோப்பு முறைமைக்கு வெளியே உள்ள சாட்சி வேண்டும். முக்கியமான கோப்புகளுக்கு எஸ்ஹெச்ஏ256 (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) பட்டியல் ஒன்றை வேறு டிஸ்க்கில் வைத்திருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பழைய பேக்கப்போடு உள்ளடக்கத்தை ஒப்பிடுங்கள். அளவையும் தேதியையும் மட்டும் ஒப்பிடும் வழக்கமான ஆர்சிங்க் நகல் கருவி இதைக் கண்டுபிடிக்காது, ‘செக்சம்’ விருப்பம் தேவை. பேக்கப்பின் மேல் புதிய பேக்கப்பை எழுதும் முறையில் இருப்பவர்கள் அதை உடனே நிறுத்துங்கள். நல்ல பிரதியைக் கெட்ட பிரதி அழித்துவிடும்.

திடீரென மின்சாரம் போனபின் சில கோப்புகள் 0 பைட்டாகக் கிடந்தால் அது வேறு. எக்ஸ்ட்4 புதிதாக வந்த 2009இல் இதே புகார் எழுந்தது. தாமதமாக இடம் ஒதுக்கும் முறை, எஃப்சிங்க் செய்யாத (டிஸ்க்கில் எழுதி முடிக்கச் சொல்லாத) நிரல், இரண்டும் சேர்ந்து செய்த வேலை. 2.6.30 கெர்னலில் இதற்கெனத் தடுப்புச் சேர்த்தார்கள்.

அறிகுறி: தாங்க முடியாத மந்தம்

பெரும்பாலும் ஆபத்தில்லை. நூற்றுக்கணக்கான ஸ்னாப்ஷாட்டும் கோட்டாவும் (இட வரம்புக் கணக்கு) சேர்ந்தால் பிடிஆர்எஃப்எஸ் திணறும். கோட்டாவை அணைத்துப் பாருங்கள். மெய்நிகர் கணினி பிம்பம், டேட்டாபேஸ் கோப்பு போன்றவை துண்டு துண்டாகச் சிதறும். வெற்று டைரக்டரியில் நகலெடுத்து எழுதுவதை நிறுத்தும் ‘நோகவ்’ பண்பை வைத்து, அதன் பிறகு கோப்பை உள்ளே நகலெடுங்கள். அப்படிச் செய்தால் அந்தக் கோப்புக்குச் செக்சம் கிடையாது என்பதை மனதில் வையுங்கள்.

மறுபடி அதே கோப்பு முறைமையைப் போடப் போகிறீர்கள் என்றால்

பேக்கப் வேறொரு டிஸ்க்கில் மட்டுமல்ல, வேறொரு கோப்பு முறைமையிலும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நிரல் என்றால் ஒரே பிழை இரண்டையும் கடிக்கும். ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்கில், அதே ட்ரீயில்தான் இருக்கிறது. அதைப் பேக்கப் கணக்கில் சேர்க்காதீர்கள். பேக்கப்பிலிருந்து ஒரு டைரக்டரியையாவது திருப்பி எடுத்துப் பார்த்தபின்தான் தரவை நகர்த்துங்கள்.

ரூட்டுக்குச் சோதனைக் கோப்பு முறைமை வேண்டாம் என்பது என் கட்சி. தனி டேட்டா பார்ட்டிஷனில் போட்டால் கோளாறு வரும்போது கணினியாவது பூட் ஆகும், லாகாவது கிடைக்கும். ஓடுவது உறுதியான பழைய கெர்னல் ஒன்றைப் பூட் மெனுவில் எப்போதும் விட்டுவையுங்கள். ரெஸ்க்யூ யுஎஸ்பியில் அதே அளவு புதிய கெர்னலும் கருவிகளும் இருக்கட்டும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் மெட்டாடேட்டா ‘டப்’ (இரண்டு பிரதி) ஆக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கருவிகள் எஸ்எஸ்டியில் ஒரே பிரதியோடு ஃபார்மேட் செய்துவிடும், 5.15 கருவிகளிலிருந்துதான் அது மாறியது. ரெய்டு 5, 6 பக்கம் போகாதீர்கள்.

பிழையைத் தெரிவிக்கும்போது

கெர்னல் பதிப்பு, கருவிகளின் பதிப்பு, மவுண்ட் விருப்பங்கள், முழு டிமெஸ்க், அதுவரை என்னென்ன கட்டளைகள் அடித்தீர்கள் என்ற வரிசை, எல்லாவற்றையும் கொடுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் கூச்சத்தில் மறைப்பார்கள்; டெவலப்பருக்கு அதிகம் தேவைப்படுவது அதுதான். பிடிஆர்எஃப்எஸ்ஸில் ‘இமேஜ்’ கருவி மெட்டாடேட்டாவை மட்டும் பிரித்தெடுத்துத் தரும். கோப்புகளின் உள்ளடக்கம் அதில் போகாது, ஆனால் பெயர்கள் போகும். பெயர்களை மறைக்க ‘எஸ்’ விருப்பத்தைச் சேருங்கள். பதில் வரும்வரை பழுதான பிம்பத்தை அழிக்காதீர்கள். ‘இந்தப் பேட்சைப் போட்டு மவுண்ட் செய்து பாருங்கள்’ என்றுதான் முதல் பதில் பெரும்பாலும் வரும்.